தீக்கொப்புளம்: தோல் தரும் காப்பு

சமையலறையில் கையைச் சுட்டுக்கொள்வோரில் பலர் நெருப்பைத் தொட்டவர் அல்லர். இட்லிப் பானையின் மூடியைத் தம் பக்கமாகத் திறந்தபோது கிளம்பிய ஆவி, சோறு வடிக்கும்போது சிந்திய கஞ்சி, தாளிக்கும் கரண்டியிலிருந்து தெறித்த எண்ணெய், தோசைக்கல்லின் விளிம்பு, துணி தேய்க்கும் பெட்டி, குளிர்காலத்தில் வாளியிலிருந்து அலம்பிய வெந்நீர் என அவர்களைச் சுட்டவை வேறு பல.

தில்லி, மும்பை, புனே, அகமதாபாத் போன்ற நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தாயும் தந்தையும் வேலைக்குச் செல்கின்றனர். தாத்தாவும் பாட்டியும் ஊரில் இருக்கின்றனர். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் தாமே பாலைச் சூடாக்கிக் குடிக்கின்றனர். தம்பி தங்கையருக்கும் ஆற்றிக் கொடுக்கின்றனர். அவ்வேளையில் பால் கையில் கொட்டிவிட்டால் முதலுதவி செய்ய வேண்டியவர் மருத்துவர் அல்லர், தாயும் அல்லர். அங்கே நிற்கும் 12 வயதுப் பிள்ளையே. அப்பிள்ளை முதல் 20 நிமிடங்களில் என்ன செய்கிறது என்பதையும், பின்னர் எழும் கொப்புளத்தை என்ன செய்யாமல் விடுகிறது என்பதையும் பொறுத்தே பெரும்பாலான சிறு காயங்கள் ஆறும் விதம் அமைகிறது.

தோலும் சூடும்

தோல் பார்வைக்கு ஒரே போர்வை போலத் தோன்றினாலும் அதற்கு இரண்டு முதன்மையான அடுக்குகள் உண்டு. வெளியே இருப்பது மேல்தோல். உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாகப் பிற இடங்களில் அதன் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான், எழுதும் தாளின் கனமே அவ்வளவு இருக்கும். மேல்தோலில் குருதிக்குழாய்கள் இல்லை. அதன் அடிவரிசையிலுள்ள உயிரணுக்கள் இடைவிடாமல் பிரிந்து பெருகுகின்றன. புதியவை பழையவற்றை மேலே தள்ளுகின்றன. தள்ளப்பட்டவை உலர்ந்து, இறந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடுகின்றன. மேல்தோலுக்குக் கீழே தடித்த அடித்தோல் உள்ளது. குருதிக்குழாய்கள், வலியை உணரும் நரம்பு நுனிகள், மயிர்க்கால்கள், வியர்வைச் சுரப்பிகள் ஆகியவை அங்கே உள்ளன.

சூடு தோலைக் கெடுப்பதில் இரண்டு அளவுகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று வெப்பநிலை; மற்றொன்று நேரம். அமெரிக்காவைச் சேர்ந்த மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1947ஆம் ஆண்டு இதனை அளந்து வெளியிட்டனர். 44 டிகிரி செல்சியஸ் வெப்பம் தோலுக்கு மீளாத கேடு விளைவிக்க ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். 60 டிகிரி வெப்பநிலையில் அதற்கு 5 நொடிகளே போதும். கொதித்து இறக்கிய தேநீர் இதைவிடச் சூடானது. வடை பொரியும் எண்ணெயோ 180 டிகிரி அளவில் இருக்கும். சிறுவர்களின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. ஆகவே பெரியவர் ஒருவர் தாங்கும் சூடு குழந்தையின் கையைப் புண்ணாக்கிவிடும்.

ஆவியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. புகை போன்றதுதானே என எண்ணுகின்றனர். ஆனால் ஒரு கிராம் நீராவி தோலில் பட்டு நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம் 540 கலோரி. அதே ஒரு கிராம் கொதிநீர் 100 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் குளிரும்போது வெளிவிடுவது 60 கலோரி மட்டுமே. ஒன்பது மடங்கு வேறுபாடு! ஆவியாக வந்து நீராகும் மாற்றத்திலேயே இவ்வளவு வெப்பமும் தோலுக்குள் இறங்கிவிடுகிறது. குக்கரின் உள்ளே நீர் 120 டிகிரியை எட்டும் என்பதையும் இதனுடன் சேர்த்து எண்ணினால், அதன் மூடியை அவசரமாகத் திறக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வதன் காரணம் விளங்கும்.

காயத்தின் ஆழத்தைச் சொல்லத் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. மேல்தோல் மட்டும் சிவந்து எரிந்தால் அதைக் ‘கன்றுதல்’ என்பர். அடித்தோலின் மேற்பகுதி வரை சூடு இறங்கி நீர் கோத்தால் ‘கொப்புளித்தல்’. அதற்கும் கீழே இறங்கினால் தோல் ‘வெந்துபோகிறது’. முழுத் தடிமனும் அழிந்தால் ‘கருகுதல்’. மருத்துவர்கள் படிகளாகப் பிரிப்பதும் ஏறக்குறைய இவ்வரிசையிலேயே அமைகிறது. இந்தியில் ‘பபோலா’ என்றும் மராத்தியில் ‘போட்’ என்றும் அண்டை வீட்டார் சொல்வது இரண்டாவது படியாகிய கொப்புளத்தையே.

கொப்புளம் எழுவது எவ்வாறு?

சூடு பட்டவுடன் மேல்தோலின் அடிவரிசை உயிரணுக்கள் சிதைகின்றன. மேல்தோலையும் அடித்தோலையும் இணைத்துப் பிடித்திருந்த பிடிப்பு தளர்கிறது. அதே வேளையில் அடித்தோலின் நுண்ணிய குருதிக்குழாய்கள் விரிந்து, குருதியின் நீர்ப்பகுதியைக் கசியவிடுகின்றன. அந்நீர் தளர்ந்த இரண்டு அடுக்குகளுக்கு இடையே தேங்குகிறது; மேல்தோல் குமிழ் போல எழும்புகிறது. சில கொப்புளங்கள் சில நிமிடங்களிலேயே தோன்றும். வேறு சில மறுநாள்தான் எழும். முதல் நாள் வெறும் சிவப்பாக இருந்த இடத்தைக் கண்டு, ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கொப்புளத்திலுள்ள நீரைக் ‘கெட்ட நீர்’ என்று கருதி, அதை வெளியேற்றினால்தான் புண் ஆறும் எனப் பலர் நம்புகின்றனர். அந்நீர் கெட்டதன்று. உப்பும் புரதமும் கலந்த, தெளிந்த, வெளிர்மஞ்சள் நிற நீர் அது. சீழ் வேறு, இது வேறு. சீழ் என்பது கிருமிகள் புகுந்த பிறகு உண்டாவது. கிழியாத கொப்புளத்திற்குள் கிருமிகள் எளிதில் புக முடியாது.

கொப்புளத்தின் கூரையாக நிற்கும் மெல்லிய தோலே இங்கு முதன்மையானது. அதன் கீழே உள்ள பரப்பு பச்சைப் புண். நரம்பு நுனிகள் அங்கே திறந்து கிடக்கின்றன. காற்றுப் பட்டாலே எரியும். நலமான தோலின் மேலும் மூக்கினுள்ளும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் எந்நேரமும் தங்கியிருக்கின்றன. முழுத்தோலின் மேல் அவை தீங்கு செய்வதில்லை. கூரை கிழிந்தால் அவை ஈரமும் உணவும் நிறைந்த இடத்திற்குள் நேரே இறங்குகின்றன. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத அளவுக்குப் பொருத்தமாக, அந்தக் காயத்தின் அளவுக்கே வெட்டித் தைத்தாற்போல உடல் தானே போட்டுக்கொண்ட கட்டு அது. கொப்புளத்தைக் கிள்ளுபவர் அந்தக் கட்டைத்தான் கிழிக்கிறார்.

முதல் 20 நிமிடங்கள்

அடுப்பை அணைத்தல் முதல் வேலை. அடுத்து, சுட்ட இடத்தைக் குழாய்நீரில் காட்ட வேண்டும். கொட்டிய பாலைத் துடைப்பதும் உடைந்த குவளையைப் பொறுக்குவதும் பிறகு பார்த்துக்கொள்ளத் தக்கவை.

சூடான பொருளிலிருந்து கையை எடுத்த பின்னும் தோலுக்குள் இறங்கிய வெப்பம் உடனே வெளியேறுவதில்லை. அது உள்ளேயே நின்று, மேலும் ஆழத்திற்குப் பரவி, இன்னும் சிதையாத உயிரணுக்களையும் சிதைக்கிறது. ஓடும் நீர் அவ்வெப்பத்தை ஈர்த்துக்கொண்டு போகிறது. நீர் மெல்லிய தாரையாக விழ வேண்டும். விசையாகத் தாக்கக் கூடாது. பலர் ஒரு நிமிடம் நனைத்துவிட்டு, எரிச்சல் அடங்கியது என்று கையை எடுத்துவிடுகின்றனர். 20 நிமிடம் என்பது பள்ளியில் ஒரு பாடவேளையின் பாதி. குழாயடியில் நிற்கும்போது அது நீண்டதாகவே தோன்றும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. உடனே செய்ய இயலாமற்போனாலும், சுட்டு 3 மணி நேரத்திற்குள் செய்யும் குளிர்விப்பு பயன் தரும்.

நகரத்து அடுக்குமாடி வீடுகளில் இதற்கு ஓர் இடையூறு உண்டு. மே மாதத்துப் பிற்பகலில் தில்லியிலோ அகமதாபாதிலோ குழாயைத் திறந்தால், மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்த நீர் வெந்நீராகவே வரும். அதில் கையைக் காட்டுவதால் பயனில்லை. அத்தகைய நேரத்தில் மண்பானை நீரையோ குடிப்பதற்கு வைத்துள்ள நீரையோ குவளையால் மெல்ல ஊற்றி, கீழே பாத்திரத்தில் பிடித்து, மீண்டும் ஊற்றலாம். தண்ணீர் வராத நேரமாயின் தூய துணியை நனைத்துப் போட்டு, அது வெதுவெதுப்பாகும்போதெல்லாம் மாற்றி நனைக்கலாம். 15 டிகிரி அளவிலுள்ள நீர் மிக ஏற்றது. தொட்டால் குளுமையாக இருப்பது போதும் என்று கொள்ளலாம்.

சனவரி மாதத்தில் நிலைமை தலைகீழ். அப்போது வடஇந்தியக் குழாய்நீர் கையை விறைக்கச் செய்யும். சிறு குழந்தைக்கு அதிக இடத்தில் சுட்டிருந்தால், உடல் முழுவதையும் நனைத்து நடுங்கவிடக் கூடாது. சுட்ட இடம் மட்டும் நீரில் இருக்க, மற்றப் பகுதிகளைப் போர்வையால் மூடி வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும்.

நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டிய மற்றொன்று உள்ளது. கையில் சுட்டிருந்தால் வளையல், மோதிரம், கைக்கடிகாரம், மணிக்கட்டில் கட்டிய கயிறு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். காலில் சுட்டிருந்தால் கொலுசையும் காலுறையையும் நீக்க வேண்டும். சற்று நேரத்தில் அவ்விடம் வீங்கும். பிறகு மோதிரம் கழலாது, குருதியோட்டத்தையும் தடுக்கும். கயிறு சாமிக் கயிறாயினும் வெட்டத் தயங்கக் கூடாது. ஆடை தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காமல், ஒட்டிய பகுதியை விட்டுச் சுற்றிலும் வெட்டிவிட வேண்டும்.

பனிக்கட்டியை வைக்கலாகாது. குளிர்ந்த நீர் நல்லதெனில் பனிக்கட்டி இன்னும் நல்லதாக இருக்குமே என்னும் எண்ணம் இயல்பானது. ஆனால் அது தோலின் குருதிக்குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே அடிபட்ட இடத்திற்குக் குருதி வராமல் செய்கிறது; தன் குளிராலேயே மேலும் ஒரு காயத்தை உண்டாக்கவும் கூடும்.

பூசக் கூடாதவை

“இட்லி மாவை அள்ளித் தடவு கண்ணு, குளுகுளுன்னு இருக்கும்” என்று ஊரிலிருக்கும் பாட்டி தொலைபேசியில் சொல்வதுண்டு. “தண்ணியில காட்டிக்கிட்டு இருக்கேன் பாட்டி, இருபது நிமிஷம் ஆகட்டும்” என்று பேத்தி சொல்லிவிடலாம். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. பாட்டி நாடுவதும் குளிர்ச்சியைத்தான். குழாய் இல்லாத வீட்டில், குடத்து நீரைச் சிக்கனமாகச் செலவிட்ட காலத்தில், குளிர்ந்திருந்த பொருள் அந்த மாவாகவே இருந்திருக்கும். ஆனால் மாவு புளிப்பது அதனுள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் பெருகுவதால் அல்லவா? இட்லிக்கு நன்மை செய்யும் அவை திறந்த புண்ணுக்கு விருந்தினராக வரத் தக்கவை அல்ல. மாவு காய்ந்து இறுகிய பின் அதை உரித்தெடுக்கும்போது கொப்புளத்தின் தோலும் உடன் வந்துவிடும்.

அண்டை வீட்டார் பற்பசையைக் கொண்டு ஓடி வருவர். பற்பசை பூசினால் சில்லென்று இருப்பது உண்மை. அதிலுள்ள புதினாச் சத்து குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது, அவ்வளவே. தோலின் வெப்பம் ஒரு டிகிரிகூடக் குறைவதில்லை. குளிர்ந்துவிட்டது என்று மனம் நம்பிவிடுவதால், நீரில் காட்ட வேண்டிய நேரம் வீணாவதே அதனால் விளையும் பெரிய தீங்கு. வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய், கடுகெண்ணெய் ஆகியவை சூடு வெளியேறும் வழியை மூடிவிடுகின்றன. சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. மஞ்சளுக்கும் பேனா மைக்கும் மற்றொரு குற்றமும் உண்டு. அவை தோலின் நிறத்தை மறைத்துவிடுகின்றன. காயம் எவ்வளவு ஆழம் என்பதை மருத்துவர் நிறத்தைப் பார்த்தே முதலில் கணிக்கிறார். பூசியதைத் தேய்த்துக் கழுவினால்தான் அவருக்குக் காயம் தெரியும். அந்த வலியைப் பிள்ளை இரண்டாம் முறை பொறுக்க வேண்டும்.

வாழையிலையின் கதை வேறு. தீப்புண்பட்டவரை வாழையிலையில் கிடத்துவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். மும்பையில் சயான் பகுதியிலுள்ள லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையின் மருத்துவர்கள் வாழையிலையை முறையாகச் சோதித்து, அதன் முடிவை 2003ஆம் ஆண்டு மருத்துவ இதழில் வெளியிட்டனர். இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சு புண்ணில் ஒட்டுவதில்லை. ஆகவே கட்டை மாற்றும்போது புதிய தோல் பிய்வதில்லை, வலியும் குறைவு, செலவும் மிகக் குறைவு. அதற்கு முன்பே 1980களில் அதே நகரின் வாடியா குழந்தைகள் மருத்துவமனையில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலை இவ்வாறு பயன்படுத்திப் பார்த்தனர். இவ்விரண்டிலும் நோக்கத் தக்கது ஒன்று உண்டு: இலையும் கிழங்குத்தோலும் கிருமி நீக்கப்பட்ட பின்பே கட்டப்பட்டன. இலையிலிருந்து மருந்து ஏதும் ஊறவில்லை; ஒட்டாமல் மூடியதே அதன் பணி. சந்தையில் வாங்கிய இலையை அப்படியே சுற்றுவது அம்முறை ஆகாது. ஆனால் பழைய வழக்கத்தை ஒதுக்கிவிடாமலும் அப்படியே நம்பிவிடாமலும் சோதித்துப் பார்த்த அந்த மருத்துவர்களின் செயல் பாராட்டத் தக்கது.

கொப்புளத்தைக் காத்தல்

குளிர்வித்த பின், சுற்றியுள்ள தோலைத் தூய துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும், தேய்க்கக் கூடாது. மருந்துக் கடையில் பாரஃபின் தடவிய வலைத்துணி கிடைக்கும்; அது புண்ணில் ஒட்டாது. அதனைக் கொப்புளத்தின் மேல் வைத்து, அதன் மேல் உலர்ந்த காஸ் துணியைத் தளர்வாகச் சுற்றிக் கட்டலாம். பஞ்சை நேரே வைத்தால் அதன் இழைகள் ஒட்டிக்கொள்ளும். பசையுள்ள பிளாஸ்திரியைக் கொப்புளத்தின் மேலேயே ஒட்டினால், எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். விரல்களில் சுட்டிருந்தால் ஒவ்வொரு விரலையும் தனித்தனியே சுற்ற வேண்டும். மருத்துவரிடம் செல்லும் வழிக்கு மட்டும் ஒரு மறைப்பு வேண்டுமெனில், உணவுப்பொருள்களை மூடும் மெல்லிய நெகிழித்தாளின் முதல் சுற்றை விட்டுவிட்டு, அடுத்த பகுதியைக் காயத்தின் மேல் பரப்பி வைக்கலாம். அது ஒட்டாது, உள்ளே காயமும் தெரியும்.

முதல் இரண்டு நாள்கள் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் வீக்கமும் குத்தல் வலியும் குறையும். வலி மிகுந்தால் பெரியவர்கள் பாராசிட்டமால் மருந்தை வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் தரலாம். ஆஸ்பிரின் சிறுவர்களுக்கு ஆகாது. தீப்புண்ணுக்கெனக் கடையில் விற்கும் களிம்புகளையும் மருத்துவர் சொன்னால் மட்டுமே தடவ வேண்டும்.

பள்ளிக்குச் சென்ற பின் கொப்புளத்திற்கு வேறு வகை ஆபத்து காத்திருக்கிறது. வடிவியல் பெட்டியிலுள்ள கவராயத்தின் முனையால் அதைக் குத்திப் பார்க்க அருகில் அமர்ந்த நண்பர் ஆவலோடு முன்வருவார். ஊசியைத் தீயில் காட்டிக் குத்தினால் தீங்கில்லை என்று சிலர் சொல்வர். ஊசி தூயதானாலும் குத்தும் விரலும் குத்தப்படும் தோலும் தூயவை அல்ல. மூட்டின் மேல் எழுந்து, விரலை மடக்க முடியாதபடி இறுகி நிற்கும் பெரிய கொப்புளத்தின் நீரை எடுக்க வேண்டுமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். அவர் எடுத்தாலும் கூரைத் தோலை அப்படியே விட்டுவைப்பதுண்டு.

தானாகவே உடைந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. கைகளைச் சோப்பால் கழுவிக்கொண்டு, புண்ணை ஓடும் தூய நீராலும் மென்மையான சோப்பாலும் மெல்லக் கழுவ வேண்டும். தொங்கும் தோலை இழுத்து எடுக்காமல், புண்ணின் மேலேயே படிய வைக்க வேண்டும். மேலே பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லத் தடவி, முன்போலக் கட்டலாம். கட்டை ஒவ்வொரு நாளும் மாற்றலாம். நனைந்தாலும் அழுக்கானாலும் உடனே மாற்ற வேண்டும். துணி ஒட்டிக்கொண்டால் நீரால் நனைத்து, ஊறிய பின் எடுப்பது நல்லது.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய வேளை

எல்லாக் கொப்புளங்களையும் வீட்டில் வைத்துப் பார்க்க இயலாது. காயம்பட்டவரின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கையின் பரப்பு அவர் உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. கொப்புளம் எழுந்த இடம் அவருடைய உள்ளங்கையைவிடப் பெரியதாயின் மருத்துவரிடம் செல்ல வேண்டும். முகம், கண், கை, பாதம், மூட்டுகள், மறைவிடங்கள் ஆகியவற்றில் எழுந்த கொப்புளம் சிறிதாயினும் காட்ட வேண்டும். கையையோ காலையோ வளையம் போலச் சுற்றிச் சுட்டிருந்தால் காலம் தாழ்த்தக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியோர், நீரிழிவு உள்ளோர் ஆகியோரின் காயத்தையும் எளிதாகக் கொள்ளலாகாது. நீரிழிவு முற்றிய சிலருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். குளிருக்காக வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்து உறங்கிய தாத்தா, காலையில் கொப்புளத்தைக் கண்ட பிறகே சுட்டதை அறிவார்.

பிள்ளைகளை ஏமாற்றக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. வலி அதிகமானால் காயம் பெரிது, வலி இல்லையேல் சிறிது என எண்ணத் தோன்றும். தீக்காயத்தில் இது பொருந்தாது. தோல் முழுத் தடிமனும் வெந்துவிட்டால் வலியை உணரும் நரம்பு நுனிகளும் அழிந்துவிடுகின்றன. அங்கே வலி இராது. வெண்மையாகவோ பழுப்பாகவோ கருமையாகவோ மாறி, தோல்பொருள் போல விறைத்து, தொட்டாலும் வலிக்காத இடமே எல்லாவற்றிலும் கொடியது.

மின்சாரத்தால் சுட்டதும் அத்தகையதே. வடஇந்தியக் குளிரில் வாளி நீரைச் சூடாக்க ‘ராடு’ எனப்படும் மின்சூடேற்றியைப் பலர் பயன்படுத்துகின்றனர். இணைப்பைத் துண்டித்து, செருகியைப் பிடுங்கிய பிறகே நீரைத் தொட வேண்டும். மின்தாக்குதலில் வெளியே சிறு புள்ளியாகத் தெரிவது உள்ளே நெடுந்தொலைவு சென்றிருக்கக்கூடும். ஆகவே எவ்வளவு சிறிதாயினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாடெங்கும் அவசர உதவிக்கு 112 என்னும் எண்ணை அழைக்கலாம். பல மாநிலங்களில் 108 என்னும் எண்ணும் மருத்துவ ஊர்தியை அனுப்பும்.

வீட்டில் பார்த்துக்கொள்ளும் கொப்புளத்திலும் சில மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். நீர் கலங்கி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுதல், தீய நாற்றம், சுற்றிலும் சிவப்பு நாளுக்கு நாள் பரவுதல், அடங்கிய வலி மீண்டும் கூடுதல், காய்ச்சல் ஆகியவை கிருமிகள் புகுந்ததன் அறிகுறிகள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணையும் காட்ட வேண்டும்.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் மருத்துவமனைக்குச் செல்லும்போது மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் பிள்ளைதான். தாய் தமிழில் சொல்ல, மகள் இந்தியிலோ மராத்தியிலோ எடுத்துரைக்கிறாள். மருத்துவர் அறிய விரும்புபவை சில: சுட்டது எது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நீரில் காட்டப்பட்டது, மேலே ஏதேனும் பூசப்பட்டதா, கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டது எப்போது. பூசியிருந்தால் வெட்கத்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 10 வயதிலும் 16 வயதிலும் டெட்டனஸ் தடுப்பூசி உண்டு. ஊர்விட்டு ஊர் வந்தபோது தடுப்பூசி அட்டை எங்கோ பெட்டியில் தங்கிவிடுகிறது. அதைத் தேடி எடுத்து வைத்திருப்பது இத்தகைய நாளில் உதவும்.

ஆறும் காலம்

திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரத்தில், தீயினால் சுட்ட புண் உள்ளே ஆறிவிடும் என்று வள்ளுவர் கூறுவதை மாணவர்கள் படித்திருப்பர். அங்கே அவர் பேச வந்தது நாவைப் பற்றி. எனினும் கொப்புளம் ஆறுவதும் உள்ளிருந்தே நிகழ்கிறது. அடித்தோலின் ஆழத்திலுள்ள மயிர்க்கால்களையும் வியர்வைச் சுரப்பிகளையும் சுற்றி, சூடு எட்டாமல் தப்பிய உயிரணுக்கள் இருக்கின்றன. அவை பெருகி மேலேறி, புண்ணின் பரப்பில் தீவுகள் போலப் படர்ந்து, ஒன்றோடொன்று கூடுகின்றன. ஓரங்களிலிருந்தும் புதிய தோல் ஊர்ந்து வருகிறது. கூரைத் தோல் கிழியாமல் இருந்தால் இவை ஈரம் குன்றாத மறைவில் நடைபெறுகின்றன. தேங்கிய நீரை உடல் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்கிறது. கூரை தளர்ந்து, உலர்ந்து, தானே உரிகிறது. மேலோட்டமான கொப்புளம் பெரும்பாலும் இரண்டு வாரங்களில், சில வேளை மூன்று வாரங்களில் ஆறிவிடும். பெரும்பாலும் தழும்பு தங்குவதில்லை. ஆழமாக வெந்த புண்ணில் அந்த மயிர்க்கால்களே அழிந்திருப்பதால்தான் அது ஆற நெடுநாள் ஆகிறது, தழும்பும் நிற்கிறது.

புதிய தோல் இளஞ்சிவப்பாகவோ, சுற்றியுள்ள நிறத்தைவிட வெளிறியோ கறுத்தோ இருக்கும். மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரியும். சில மாதங்களில் பெரும்பாலும் மங்கிவிடும். அதுவரை வெயிலில் செல்லும்போது முழுக்கைச் சட்டையால் அவ்விடத்தை மறைத்துக்கொள்ள வேண்டும். வெயில் பட்டால் கறுமை நிலைத்துவிடக் கூடும். எண்ணெய்ச் சுரப்பிகள் இன்னும் முழுமையாக வேலை செய்யத் தொடங்காததால் புதிய தோல் வறண்டு அரிக்கும். நகத்தால் சொறிந்தால் அது கிழிந்துவிடும். புண் முற்றிலும் மூடி, நீர்க்கசிவு நின்ற பின், பாட்டி முதல் நாளே சொன்ன தேங்காய் எண்ணெயை இப்போது சில துளி எடுத்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை மெல்லத் தடவி வரலாம். வறட்சி நீங்கும், அரிப்பும் அடங்கும்.